சிஜிடி உள்ள பிள்ளை வீட்டில் இருந்தால் செய்யக் கூடாத தவறுகள்

என் மகனுக்கு சிஜிடி என்ற பரம்பரை எதிர்ப்புச் சக்திக் கோளாறு என்று தெரிந்தபோது அவனுக்கு நாலு வயது. அன்றிலிருந்து என் மாமியார் ஐஸ்கிரீமை வீட்டுக்குள் விடவில்லை, தலையில் ஒரு சொட்டு மழை பட்டாலும் துவட்டி விபூதி பூசிவிடுவார். அதே மாமியார்தான் அதே வாரம் துளசித் தொட்டிக்கு மண் மாற்றும்போது அவன் கையில் கரண்டியைக் கொடுத்து, "கொத்துடா ராஜா" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன், எனக்கும் உறைக்கவில்லை. மலேசியாவில், பினாங்கில் எங்கள் வீட்டில் நடந்த தவறுகள் முக்கால்வாசி இந்த ரகம்தான்.

முழுப்பெயர் க்ரானிக் கிரானுலோமேட்டஸ் டிசீஸ். பரம்பரையாக வருவது, இரண்டு லட்சம் பேரில் ஒருவருக்கு என்கிற அளவுக்கு அரிது. ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் கிருமியை ஓடிப்போய் விழுங்கிவிடும், ஆனால் விழுங்கியதைக் கொல்வதற்கான ரசாயனத்தை அவற்றால் உண்டாக்க முடியாது. அடுப்பு இருக்கிறது, பற்றவில்லை, அவ்வளவுதான். அதனால் சில பாக்டீரியாவும் பூஞ்சையும் உள்ளேயே உயிரோடு இருந்து, ஈரலிலும் நுரையீரலிலும் நிணநீர் முடிச்சுகளிலும் சீழாகவும் கட்டியாகவும் கிளம்பும். சளி, இருமல் மாதிரி வைரஸ் சமாசாரங்களை இந்தப் பிள்ளைகள் மற்ற பிள்ளைகளைப் போலவே சமாளித்துவிடுவார்கள். ஐஸ்கிரீம் பாவம், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

சம்பந்தம் இருப்பது மக்கிய இலைக்கு. தோட்டக் கழிவு, உரக்குழி, வைக்கோல், ஈரத்தில் கிடந்த மரத்தூள், பல நாள் குவிந்து கிடந்த சருகு, இவற்றைக் கிளறினால் அஸ்பர்ஜிலஸ் என்ற பூஞ்சையின் வித்துகள் தூசியோடு கிளம்பும். நமக்கு ஒரு தும்மல், அவர்களுக்குச் சில நாட்களில் உயிருக்கே ஆபத்தான நிமோனியா. தமிழ்ப்பள்ளியில் கோத்தோங்-ரோயோங் என்று எல்லோரும் கூடித் துப்புரவு செய்கிற ஒரு சனிக்கிழமை வரும் இல்லையா, பிள்ளைகள் வரிசையாக நின்று சருகு கூட்டுவார்களே, அதற்கு நான் அவனை முகக்கவசம் போட்டு அனுப்பினேன், போட்டால் போதும் என்று நினைத்து. நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. கவசம் போட்டாலும் அந்த இடத்தில் நிற்கவே கூடாது என்று மறுமாதம் டாக்டரிடம் திட்டு வாங்கியபோதுதான் தெரிந்தது. வீடு இடித்துக் கட்டும் தூசியும் அப்படித்தான். தப்பித் தவறி அப்படி ஒரு இடத்துக்குப் போய்விட்டு அதன்பின் காய்ச்சலோ மூச்சிரைப்போ வந்தால், மருத்துவமனையில் முதல் வாக்கியமாக அதைச் சொல்லுங்கள். சாதாரண நிமோனியா மருந்து இதற்குப் போதாது, பூஞ்சை மருந்தையும் ஸ்டீராய்டையும் சேர்த்தே தொடங்க வேண்டியிருக்கும், ஆனால் நீங்கள் சொன்னால்தானே அவர்களுக்குத் தெரியும்.

அப்புறம் தண்ணீர். விடுமுறைக்கு பாலிக் பூலாவ் பக்கம் தித்தி கெராவாங் அருவிக்குப் போவது எங்கள் குடும்ப வழக்கம், அவனை விட்டுவிட்டுப் போகவும் மனம் வராது. ஆனால் நம் ஊர் மண்ணிலும் சேற்றுத் தண்ணீரிலும் குரோமோபாக்டீரியம் என்ற கிருமி உண்டு, இந்தப் பிள்ளைகளுக்கு அது பொல்லாதது. இப்போது குளோரின் போட்ட நீச்சல்குளம்தான். அவனுக்கு அருவிதான் பிடிக்கும் என்பது வேறு விஷயம்.

நோயைக் கண்டுபிடிப்பதற்குள் நடந்த தவறுகள் தனிக்கதை. பிறந்ததும் இடது கையில் காசநோய்க்கான பிசிஜி தடுப்பூசி போட்டார்கள், சில வாரத்தில் அக்குளில் எலுமிச்சை அளவுக்கு ஒரு கட்டி. "ஊசி போட்டா அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். பெரும்பாலும் அது உண்மையும்தான், ஆனால் இவனுக்கு அது சீழ் பிடித்து உடைந்து, ஆறி, மறுபடி உடைந்தது. பிசிஜி உயிருள்ள பாக்டீரியா ஊசி, சிஜிடி உள்ள குழந்தைக்கு ஆகாது. சீழ் திரும்பத் திரும்ப வந்தால் ஒரு கிளினிக்கில் கீறிவிட்டு அனுப்புவதோடு விட்டுவிடாதீர்கள். நாங்கள் விட்டோம். "ரத்தம் டெஸ்ட் பண்ணியாச்சு, எதிர்ப்புச் சக்தி நார்மல்" என்று ஒருவர் சொன்னதை நம்பி இரண்டு வருடம் போனது. வெள்ளை அணுக்களின் எண்ணிக்கையும் இம்யூனோகுளோபுலின் என்கிற எதிர்ப்புப் புரதங்களின் அளவும் சிஜிடியில் குறையாமலே இருக்கலாம், அந்த டெஸ்ட்டில் இது மாட்டாது. கேட்க வேண்டியது டிஎச்ஆர் டெஸ்ட், வெள்ளை அணுக்கள் அந்த ரசாயனத்தை உண்டாக்குகின்றனவா என்று பார்க்கிற ரத்தப் பரிசோதனை. அதற்குப் புது ரத்தம் வேண்டும், வெள்ளிக்கிழமை சாயங்காலம் எடுத்துத் திங்கள்கிழமை அனுப்புகிற வேலை ஆகாது.

பிசிஜியில் சூடு கண்டதால் எல்லாத் தடுப்பூசியையும் நிறுத்துவது அடுத்த தவறு. தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லாவுக்கான எம்எம்ஆர் போன்ற வைரஸ் ஊசிகளை இந்தப் பிள்ளைகளுக்குப் போடுவார்கள், போடத்தான் வேண்டும்.

மருந்து விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். பாக்டீரியாவுக்குத் தினமும் கோட்ரைமாக்சசோல், பூஞ்சைக்குத் தினமும் இட்ராகோனசோல். பிள்ளை கொழுகொழுவென்று ஓடியாடுகிறான், எதற்கு மருந்து என்று நிறுத்தாதீர்கள், அவன் ஓடியாடுவதே மருந்தால்தான். இட்ராகோனசோல் கேப்சூலாக இருந்தால் சாப்பாட்டோடு கொடுக்க வேண்டும், திரவமாக இருந்தால் வெறும் வயிற்றில். பசியாறுவதற்கு முன்னாலா பின்னாலா என்று நான் மாதக்கணக்கில் மாற்றிக் கொடுத்திருக்கிறேன். கேஸ்ட்ரிக் மருந்தோடு சேர்த்தால் அந்தக் கேப்சூல் சரியாக உடம்பில் ஏறாது. சில மருந்துகளால் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்துபோகிற ஜி6பிடி குறைபாடு இருக்கிறதா என்று நம் நாட்டில் பிறந்ததுமே பார்த்துவிடுவார்கள், இருந்தால் கோட்ரைமாக்சசோல் தொடங்கும் முன் டாக்டருக்கு ஞாபகப்படுத்துங்கள்.

காய்ச்சல் குறைவாக இருந்தால் நோயும் லேசு என்று நினைக்காதீர்கள். இவன் ஈரலில் சீழ் கட்டியபோது உடம்பு லேசாகத்தான் சுட்டது. சோர்வாக இருந்தான், சாப்பாட்டைத் தள்ளிவிட்டான், எடை குறைந்தது. நான் பல் முளைக்கிறது, பள்ளி மாற்றியது என்று காரணம் தேடிக்கொண்டிருந்தேன்.

கடைசியாக எங்களைப் போன்ற அம்மாக்களுக்கு. பெரும்பாலானோருக்கு இந்தக் கோளாறு எக்ஸ் குரோமோசோமில், தாய் வழியாக, ஆண் பிள்ளைக்கு வருகிறது. அந்த மரபணுவை 1986-ல் கண்டுபிடித்தார்கள். தாய் வெறுமனே சுமப்பவள், அவளுக்கு ஒன்றும் இல்லை என்பது பாதிதான் சரி. வெயில் பட்டால் தோல் தடிப்பது, வாய்ப்புண், மூட்டுவலி எல்லாம் வரலாம், எனக்கு வாய்ப்புண் வருடக்கணக்கில் இருந்தது, சூடு என்று இளநீர் குடித்துக்கொண்டிருந்தேன். தாய் தகப்பன் இருவர் வழியாகவும் வருகிற வகையும் உண்டு, அது பெண் பிள்ளைகளுக்கும் வரும், சொந்தத்தில் கல்யாணம் செய்த குடும்பங்கள் கவனிக்க வேண்டும்.

இதை ரகசியமாக வைத்துக்கொள்ளாதீர்கள். மாமியாருக்கு விருப்பமில்லை, "குடும்பத்தைப் பற்றி என்ன பேசுவார்கள்" என்றார், ஆனாலும் நான் என் தங்கையிடம் சொன்னேன். அப்போது அவள் ஏழு மாதக் கர்ப்பம். பிரசவ வார்டில் மூன்று தாதியர் மாறி மாறி பிசிஜி ஊசியோடு வந்தார்கள், இப்போது போட வேண்டாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த கடிதத்தை மூன்று பேரிடமும் அவள் காட்டினாள். ஆண் குழந்தை. டிஎச்ஆர் நார்மல் என்று வந்த பிறகுதான் அவனுக்கு பிசிஜி போட்டார்கள்.