பழைய பென்டியம் 4-இல் மெயிலும் நியூஸ்குரூப்பும் இறக்குவது எப்படி?

சித்தப்பா வீட்டுப் பரணில் கிடந்த பென்டியம் 4 பெட்டியைப் பாளையங்கோட்டைக்குத் தூக்கி வந்தேன். 512 எம்பி ரேம். பிரவுசரில் ஜிமெயிலைத் திறக்கச் சொல்லிவிட்டுக் காபி போட்டுக் குடித்து, டம்ளரையும் கழுவிவிட்டு வரலாம். ஆன்டிஎக்ஸ் 23 என்ற இலகு லினக்ஸின் 32 பிட் பதிப்பைப் போட்டு, டெர்மினலில் மெயிலும், யூஸ்நெட் என்ற பழைய இணைய விவாத வலையின் குழுக்களான நியூஸ்குரூப்புகளும் இறக்கினேன். இப்போது நொடியில் திறக்கிறது. லினக்ஸ் ஏற்றுவது உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

கட்டளைகளைத் தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள்.

1. ஆப்ட் மூலம் ஃபெட்ச்மெயில் (மெயில் இறக்க), ப்ராக்மெயில் (இறக்கியதைப் பெட்டியில் சேர்க்க), மட் (மெயில் படிக்க), ஸ்லர்ன்புல் (நியூஸ்குரூப் இறக்க), ஸ்லர்ன் (அதைப் படிக்க), எம்எல்டெர்ம் (தமிழ் காட்டும் டெர்மினல்) ஆறையும் நிறுவுங்கள். மெயில் இறக்கும் இன்னொரு நிரலான கெட்மெயில் நல்லதுதான், ஆனால் பைத்தானில் எழுதியது. இந்தப் பெட்டியில் கிளம்பவே யோசிக்கிறது. ஃபெட்ச்மெயில் சி மொழியில் எழுதியது, இலகுவானது. 1990-களிலேயே எரிக் ரேமண்ட் எழுதி வெளியிட்டார், இன்றும் உழைக்கிறது.

2. கூகுள் கணக்கில் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டு, 16 எழுத்து ஆப் பாஸ்வேர்ட் வாங்குங்கள். வழக்கமான பாஸ்வேர்ட் இங்கே செல்லாது.

3. ஹோம் ஃபோல்டரில் புள்ளியில் தொடங்கும் ஃபெட்ச்மெயில்ஆர்சி கோப்பைத் திறந்து வரிசையாக எழுதுங்கள்: போல், சர்வர் பெயர், ப்ரோட்டோகால் ஐமேப் (மெயிலை சர்வரிலேயே வைத்துப் படிக்கும் முறை), யூசர், பாஸ்வேர்ட், எஸ்எஸ்எல், கீப், கடைசியில் எம்டிஏ (இறக்கிய மெயிலைப் பெட்டியில் சேர்க்கும் நிரல்). கீப் எழுத மறந்தால் இறக்கிய மெயிலை சர்வரிலிருந்து அழித்துவிடும்! எம்டிஏ-வுக்குப் பிறகு மேற்கோள் குறிக்குள் ப்ராக்மெயிலின் முழுப் பாதை, மைனஸ் டி, சதவீதக் குறி ஒட்டிய டி. முன்னது டெலிவரியின் டி, சின்ன எழுத்து. பின்னது டீக்கடையின் டி, பெரிய எழுத்து. இந்த எம்டிஏ இல்லாவிட்டால் உங்கள் கணினியிலேயே ஒரு மெயில் சர்வரைத் தேடிக்கொண்டு நிற்கும்.

4. கோப்புக்கு சிஹெச்மாட் 600 கொடுங்கள். பாஸ்வேர்ட் உள்ள கோப்பு ஊருக்கே திறந்து கிடந்தால் ஃபெட்ச்மெயில் ஓட மறுக்கும்.

5. ஃபெட்ச்மெயில் மைனஸ் வி என்று ஓட்டுங்கள்.

இங்கேதான் நான் ஒரு முழு ராத்திரி மாட்டினேன். சர்வர் தன்னை நிரூபிக்கக் காட்டும் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று திரும்பத் திரும்ப ஒரு வரி வந்தது. பாஸ்வேர்டை மூன்று முறை மாற்றினேன். சான்றிதழ் கோப்புகளை அழித்துத் திரும்பப் போட்டேன். நள்ளிரவுக்கு மேல் ஏதோ தோன்றி டேட் என்று தட்டினால், 2003 ஜனவரி 1 என்கிறது பெட்டி! மதர்போர்டில் இருக்கும் காசு அளவு பேட்டரி செத்துப்போயிருந்தது. கரண்ட் போய் வரும்போதெல்லாம் கடிகாரம் பழைய காலத்துக்குப் போய்விடும். 2003-இல் நிற்கும் கணினிக்கு இந்த வருடச் சான்றிதழ் இன்னும் பிறக்கவேயில்லை.

மறுநாள் வண்ணார்பேட்டையில் ஒரு வாட்ச் கடை அண்ணாச்சியிடம் சிஆர்2032 வாங்கிப் போட்டேன். "இதுக்கா ராத்திரி முழுக்க முழிச்சீரு?" என்றார். டேட் மைனஸ் எஸ் கொடுத்து நேரத்தைச் சரிசெய்து, ஹெச்டபிள்யூகிளாக் மைனஸ் டபிள்யூ கொடுத்தால் அது மதர்போர்டிலும் பதியும். இரண்டையும் ரூட்டாக ஓட்ட வேண்டும். அப்புறம் மெயில் மடமடவென்று இறங்கியது.

6. மட் நிரலை எம்எல்டெர்மிற்குள் திறவுங்கள். வெறும் கன்சோலில் தமிழ் மெயில் கட்டம் கட்டமாகத்தான் தெரியும்.

7. நியூஸ்குரூப்புக்கு எட்டர்னல் செப்டம்பர் என்ற யூஸ்நெட் சர்வரில் இலவசக் கணக்கு எடுங்கள். எழுத்து மட்டும்தான், படம், கோப்பு கிடையாது. பிரவுசரிலேயே கூகுள் குரூப்ஸில் படிக்கலாம் என்றால், அது 2024 பிப்ரவரி 22-க்குப் பிறகு புது யூஸ்நெட் பதிவுகளை எடுப்பதில்லை. ஸ்லர்ன்புல் கான்ஃப் கோப்பில் ஒரு வரிக்கு ஒரு குழு: பெயர், அதிகபட்சம் எத்தனை பதிவு, எத்தனை நாள் வைத்திருக்க. நான் ஆக் மொழிக்கான குழுவான காம்ப்.லாங்.ஆக்குக்கு 100, 30 என்று போட்டிருக்கிறேன். ஹாட்ஸ்பாட்டைப் போட்டு இறக்கி, அணைத்துவிட்டு நிதானமாகப் படிக்கலாம்.

பின்சேர்க்கை: அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு வாசகர், பெட்டியில் இறக்கிய மெயில் போனில் படித்ததாகக் காட்டுகிறது என்று எழுதியிருந்தார். ஆமாம், ஐமேப்பில் கீப் இருந்தாலும் அப்படித்தான் ஆகும். போனில் புது மெயிலைப் பார்த்துப் பழகியவர்கள் காலையில் போனைப் பார்த்த பிறகு ஃபெட்ச்மெயிலை ஓட்டுங்கள். அப்போது ஃபெட்ச்மெயில் மைனஸ் ஏ கொடுத்தால்தான் படித்தவையும் சேர்ந்து இறங்கும். முன்பு இறக்கியவையும் மறுபடி வரும், பார்த்துக்கொள்ளுங்கள்.