ஓட்டிவிட்டால் அப்பா வருவார்: பழைய கேசட்டில் செய்யக் கூடாதவை

வீடியோ கேசட்டுகளை பென் டிரைவில் ஏற்றிக் கொடுப்பது என் தொழில். கொஞ்ச நாளாக இளைஞர்கள் சிலர் கேசட் ஓட்டும் பழைய டெக் ஒன்றையும், அதில் ஓடும் படத்தைக் கணினியில் பதியும் கேப்சர் கருவியையும் வாங்கி வைத்துக்கொண்டு, தூர்தர்ஷன் காலத்து நிகழ்ச்சிகளைத் தேடி வீட்டுப் பரண்களை அலசுகிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் போன வாரம் ஒரு தம்பி, "எல்லாத்தையும் சுத்தமா கட் பண்ணிட்டேன் அண்ணே" என்று பெருமையாக ஒரு கோப்பைக் காட்டியபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. அதே வேலையை அதே பெருமையோடு நானும் செய்திருக்கிறேன்.

ஹெட்டைத் துடைப்பது, பதிவுத் தடுப்புத் துண்டை உடைத்து வைப்பது எல்லாம் யாரும் சொல்லாமலே வந்துவிடும். மற்றதைச் சொல்கிறேன்.

பூஞ்சை பிடித்த கேசட்டைப் "போட்டுப் பார்ப்பது"

கேசட்டின் ஜன்னல் வழியாக டேப்பின் ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் டெக்கில் போடாதீர்கள். அந்தப் பொடி டெக்கில் ஒட்டிக்கொண்டு, அடுத்து வருகிறவரின் நல்ல கேசட்டுக்கும் போகும்.

படம் நின்றதும் நிறுத்துவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

2009-ல் ஒருவர் தன் அக்காவின் கல்யாண கேசட்டைக் கொண்டுவந்தார். லேபிளில் கல்யாணத் தேதி, கேசட்டின் மேல் ஈ-180. அப்படியென்றால் மூன்று மணி நேர டேப். கல்யாணம் 1 மணி 46 நிமிடம் ஓடியது. பெண்ணும் மாப்பிள்ளையும் காரில் ஏறினார்கள், திரை நீலமானது, மென்பொருள் தானாகவே நின்றது. முன்பின் கொஞ்சம் வெட்டி, டிவிடியில் போட்டு, "எல்லாம் ஏத்தியாச்சு" என்று கொடுத்தேன். அவரும் வீட்டைக் காலி செய்யும்போது கேசட்டைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டார்.

இரண்டு மாதம் கழித்து திருச்சியிலிருந்து அந்த அக்காவே போன் செய்தார். "தம்பி, கல்யாணம் முடிஞ்சதும் அப்பா பாடுவாரே, அது எங்கே?"

அவருடைய அப்பா ஒரு முறை சென்னைத் தொலைக்காட்சியில் பாடியிருக்கிறார். பக்கத்து வீட்டில் டெக் இருந்ததால் அவர்கள் பதிந்து கொடுத்திருக்கிறார்கள். பிறகு கல்யாண கேசட்டுக்குப் பிரதி எடுக்க வேறு டேப் இல்லாமல் இதையே கொடுத்திருக்கிறார்கள். பிரதி எடுத்தவர் கல்யாணம் முடிந்தது தெரியாமல் பதிவை ஓடவிட்டு எங்கேயோ போய்விட்டார். "கொஞ்ச நேரம் மழை பெய்யும் தம்பி. ஓட்டிவிட்டா அப்பா வருவார். நாங்க எப்பவும் அப்படித்தான் பார்ப்போம்."

நான் ஓட்டிவிடவில்லை, அவ்வளவுதான். அந்தக் குரல் வேறு எங்கேயும் இல்லை.

இதில் தொழில் விஷயம் எளிது. புதிய பதிவு எவ்வளவு தூரம் ஓடுகிறதோ அவ்வளவு தூரம்தான் பழையது அழியும். மிச்ச டேப்பில் முன்பு பதிந்தது அப்படியே கிடக்கும். நடுவில் வெறுமையாக ஓடிய பகுதியைப் பிந்தைய டெக்குகள் நீலத் திரையாகக் காட்டும். அது டெக் போடுகிற திரைதான், டேப் காலி என்று அர்த்தமில்லை. மெனுவில் அந்த நீலத்தை அணைத்து வையுங்கள். கேப்சர் மென்பொருளில் "சிக்னல் இல்லையென்றால் நிறுத்து" என்பதையும் அணையுங்கள். டேப் முடிந்து டெக் தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள். மூன்று மணி நேரம் போகும், போகட்டும்.

வெட்டுவதும் இதே தவறுதான். விளம்பரம், அறிவிப்பாளர், கடிகாரம், "தடங்கலுக்கு வருந்துகிறோம்" எல்லாவற்றையும் குப்பை என்று தூக்குகிறார்கள். எது குப்பை என்று பிபிசிக்கும் ஒரு காலத்தில் நிச்சயமாகத் தெரிந்திருந்தது. இரண்டு அங்குல டேப் விலை அதிகம், திரும்பப் பயன்படுத்தலாம். கலர் வந்தபின் கறுப்பு வெள்ளையை வாங்க ஆளில்லை. அதனால் அழித்தார்கள். 'டாக்டர் ஹூ' என்ற பிபிசியின் அறிவியல் கற்பனைத் தொடரின் 1960-களின் 253 பகுதிகளில் 90-க்கும் மேல் இன்னும் கிடைக்கவில்லை. வெளிநாடுகளுக்கு விற்ற ஃபிலிம் பிரதிகளில் சில திரும்பி வந்தன: நான்கு பகுதிகள் ஹாங்காங்கிலிருந்து, 2013-ல் அறிவித்த ஒன்பது நைஜீரியாவின் ஜோஸ் நகரத்திலிருந்து.

இதில் வேடிக்கை ஆஸ்திரேலியா. குழந்தைகள் பயப்படுவார்கள் என்று அங்கே தணிக்கையில் சில காட்சிகளை வெட்டினார்கள். வெட்டிய துண்டுகள் அரசு ஆவணக் காப்பகத்தில் கிடந்து 1996-ல் கிடைத்தன. சில பகுதிகளில் முழுப் படம் போய்விட்டது, வெட்டி எறிந்த சில நொடிகள்தான் மிச்சம்.

மட்டமான பிரதி என்று ஒதுக்குவது

1967-ல் நடந்த முதல் சூப்பர் பவுல் அமெரிக்கக் கால்பந்துப் போட்டியை இரண்டு நிறுவனங்கள் ஒளிபரப்பின. இரண்டுமே டேப்பை வைத்துக்கொள்ளவில்லை. பென்சில்வேனியாவில் ஒருவர் தனியாகப் பதிந்த டேப் பரணில் இருந்து பல வருடம் கழித்து வெளியே வந்தது. அதிலும் இடைவேளை இல்லை, மூன்றாம் கால்பகுதியில் பெரும்பகுதி இல்லை. அதற்காக யாராவது வேண்டாம் என்றார்களா?

இன்னொன்று. 'டாட்ஸ் ஆர்மி' என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடரில் 1969-ன் கலர் பகுதி ஒன்று கறுப்பு வெள்ளை ஃபிலிமாக மட்டும் மிஞ்சியது. மானிட்டரைப் படம் பிடித்த ஃபிலிம் அது. உற்றுப் பார்த்தால் படம் முழுக்க நுண்ணிய புள்ளிகள். கலர் சிக்னல் மானிட்டரில் புள்ளியாகத் தெரிந்து அப்படியே ஃபிலிமில் ஏறிவிட்டது. அந்தப் புள்ளிகளைக் கணக்கிட்டுக் கலரை மீட்டு 2008-ல் ஒளிபரப்பினார்கள். என்னிடம் அந்த ஃபிலிம் வந்திருந்தால் முதல் வேலையாக "இரைச்சல் நீக்கு" பொத்தானை அமுக்கி அந்தப் புள்ளிகளைத் துடைத்திருப்பேன்! இரைச்சல் நீக்குவதாக இருந்தால் பிரதியில் செய்யுங்கள்.

50-ஐ 25 ஆக்குவது

நம் ஊர் தொலைக்காட்சியின் 'பால்' (PAL) முறையில் நொடிக்கு 50 அரைப்படங்கள். கேப்சர் செய்யும்போதே 25 முழுப்படமாகச் சுருக்கினால் அசைவில் பாதி போகும். அது திரும்பி வராது. வந்தபடியே பதியுங்கள்.

டேப் பிசுபிசுக்கிறது என்று வீட்டு ஓவனில் சூடாக்குவது

வேண்டாம்.

மாற்றியாச்சே என்று அசலை விடுவது

அப்போலோ 11 நிலவில் இறங்கியபோது வந்த படம் சாதாரணத் தொலைக்காட்சி முறையில் இல்லை, நொடிக்கு பத்து படம். மானிட்டரில் ஓடவிட்டு, அதை இன்னொரு கேமராவால் பிடித்துத்தான் உலகத்துக்கு அனுப்பினார்கள். அதனால் நாம் பார்த்தது மங்கல். தெளிவான அசல் சிக்னல் வேறு டேப்புகளில் இருந்தது. அவற்றையும் பிற்பாடு அழித்து வேறு வேலைக்குப் பயன்படுத்திவிட்டார்கள் என்று நாசா தேடிப் பார்த்து முடிவுக்கு வந்தது. ஒளிபரப்பான பிரதிகளைத்தான் 2009-ல் துலக்கினார்கள்.

இப்போது என் கடையில் கேசட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது உறையின் மேல் "தூக்கிப் போடாதீர்கள்" என்று பெரிதாக எழுதித்தான் கொடுக்கிறேன். சிரிக்கிறார்கள்.

யூடியூபில் ஏற்றியிருக்கிறேனே

சரி. கேசட் எங்கே?