ஸ்பிரிங் மாற்றிய கார் ஒரு பக்கம் உயர்ந்து நின்றால்

தாழ்த்துவதற்காகக் கட்டை ஸ்பிரிங் பூட்டிய கார் ஒரு பக்கம் உயர்ந்து நின்றால், ஸ்பிரிங்கைக் கழற்றுவதற்கு முன், லோவர் ஆர்ம் (சில்லைக் காரின் அடிப்பாகத்தோடு இணைக்கும் கீழ்க் கை) புஷ்ஷின், அதாவது அதன் மூட்டிலுள்ள இறப்பர் உறையின், போல்ட்டுகளைத் தளர்த்தி, நான்கு சில்லுகளும் நிலத்தில் நின்று முழுப் பாரத்தையும் தாங்கும் நிலையில், கராஜ் குழிக்குள் இறங்கி அவற்றை மீண்டும் இறுக்குங்கள். ஜக்கில் தூக்கி, சில்லு தொங்கிய நிலையில் இறுக்கப்பட்ட புஷ்ஷின் இறப்பர், வண்டியை இறக்கியதும் முறுகி, பழைய நிலைக்குத் திரும்ப முயன்று அந்தப் பக்கத்தை மேலே தள்ளிக்கொண்டிருக்கும்; அப்படியே ஓடினால் அது விரைவில் கிழிந்தும் போகும்.

ஏ9 வீதியில் சில கிலோமீற்றர் ஓடிவிட்டு, சில்லின் நடுவிலிருந்து மட்கார்ட் விளிம்பு வரை அளவுநாடாவால் அளந்து பாருங்கள். அளப்பது மட்டமான சீமெந்துத் தரையிலாக இருக்கட்டும். முற்றத்து மணலில் எடுக்கும் அளவை நம்ப முடியாது.

ஸ்பிரிங்கின் நுனி அதன் இருக்கையிலுள்ள பள்ளத்தில் சரியாகப் பொருந்தாதிருந்தால், அல்லது இடமும் வலமும் வேறுபட்ட ஸ்பிரிங்குகள் மாறிப் பூட்டப்பட்டிருந்தால், இந்த வழி பயன்படாது, கழற்றித்தான் ஆகவேண்டும். சில மில்லிமீற்றர் வித்தியாசம் புதுக் காரிலும் இருக்கும். முல்லைத்தீவுப் பக்கத்துக் கிறவல் ஒழுங்கைகளில் தினமும் ஓடும் காரைத் தாழ்த்துவதே எனக்கு உடன்பாடில்லை என்பது வேறு விடயம்.