எங்கிருந்து அளந்தீர்கள், எப்போது அளந்தீர்கள்? திருகோணமலைக் கரையைப் படிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உப்புவெளிக் கரையில் ஆவணியில் ஒருமுறையும் தையில் ஒருமுறையும் நின்று பாருங்கள். ஒரே கடற்கரைதானா என்று கேட்கத் தோன்றும். ஆவணியில் கடல் தணிந்து கிடக்கும், பிள்ளைகள் பந்தடிக்கும் அளவுக்கு மணல் அகன்றிருக்கும். தையில் வாடைக்கடல் அந்த மணலை வெட்டி எடுத்து, இடுப்பளவுக்குச் செங்குத்தாக ஒரு மண்படியை விட்டிருக்கும். கரையோரத் தென்னையின் வேர்கள் தும்பு தும்பாக வெளியே தொங்கும். இந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "ஐந்தே மாதத்தில் கரை போய்விட்டது" என்று பகிர்கிறவர்களை ஒவ்வொரு மாரியிலும் பார்க்கிறேன். படம் இரண்டும் உண்மையானவை, முடிவுதான் பிழை.

உயர்தர வகுப்புக்குப் புவியியல் படிப்பிக்கிறேன். மாணவர்களோடு கரையை அளக்கப் போன முதல் நாளில், கரைவலைச் சம்மாட்டி (வலைக்குச் சொந்தக்காரர்) ஒருவர் எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "சேர், மார்கழியில கொண்டுபோன மண்ணைக் கடல் சித்திரையில திருப்பித் தரும். எல்லாத்தையும் தராது. தராத மண் எவ்வளவெண்டுதான் நீங்க அளக்கோணும்." கரை மாற்ற ஆய்வு எதைத் தேடுகிறது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலும் எனக்குச் சொன்னதில்லை. பருவத்தோடு வந்து போகும் மணலைக் கழித்துவிட்டு, வராமல் போனதைக் கணக்கிட வேண்டும். அதற்கு ஒரே மாதத்தை ஒரே மாதத்தோடுதான் ஒப்பிடலாம். இந்தத் தையை அடுத்த தையோடு, இந்த ஆவணியை அடுத்த ஆவணியோடு. இரண்டு வருடம் போதாது. ஒரு கெட்ட மாரி வந்தால் அந்த இரண்டும் பொய் சொல்லும்.

நிலையில்லாத புள்ளியிலிருந்து அளப்பது

இது நாங்களே செய்த தவறு. கரையின் அகலத்தை அளக்க ஒரு தொடக்கப் புள்ளி வேண்டும். தனியாக நின்ற ஒரு தென்னையைத் தெரிந்தெடுத்து, அதிலிருந்து நாடா பிடித்து அளந்து வந்தோம். 2020 டிசெம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிச் சூறாவளி திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையே கரை கடந்தது. அடுத்த தடவை போனபோது தென்னை இல்லை. அடிக்கட்டையையும் யாரோ விறகுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கொப்பியில் இருந்த எண்கள் எல்லாம் எங்கிருந்து என்று தெரியாத எண்களாகிவிட்டன. ஒரு மாணவி மட்டும், எங்களுக்குச் சொல்லாமலே, தென்னையிலிருந்து வீதியோரத்துச் சீமெந்து மதகுக்கு எத்தனை மீற்றர் என்று ஒருநாள் குறித்து வைத்திருந்தாள். அந்த ஒரு வரிதான் பழைய அளவுகளைக் காப்பாற்றியது.

மரம், வேலி, வாடி, படகு இழுக்கும் கட்டை எதுவும் தொடக்கப் புள்ளியாகாது. பாறை, பழைய மதகு, கிணற்றுக்கட்டு போன்ற அசையாத ஒன்றைத் தெரியுங்கள். அதற்கும் துணையாக இன்னும் இரண்டு புள்ளிகளுக்குத் தூரம் எடுத்து வையுங்கள்.

அளவின் மறுமுனையிலும் இதே சிக்கல். "கடல் எங்கே தொடங்குகிறது?" என்று கேட்டால், நனைந்த மணலின் விளிம்பைக் காட்டுவார்கள். அது மணிக்கு மணி நகரும் கோடு. திருகோணமலையில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வித்தியாசம் சிறியது, அமாவாசை பௌர்ணமியிலும் ஒரு மீற்றரைத் தொடாது. ஆனால் கரை பத்து மீற்றருக்கு ஒரு மீற்றர் சரிந்தால், அரை மீற்றர் வற்று ஐந்து மீற்றர் கரையை வெளியே காட்டிவிடும். காலையில் அளந்ததையும் பின்னேரம் அளந்ததையும் ஒப்பிட்டு "கரை ஐந்து மீற்றர் கூடியது" என்று எழுதுவது இப்படித்தான் நடக்கிறது. ஆகவே அளவோடு நேரத்தையும் எழுத வேண்டும். முடிந்தால் அகலத்தை மட்டும் அளக்காமல் சரிவையும் எடுங்கள். இரண்டு தடியும் கண்ணுக்கு எட்டும் அடிவானமும் போதும். எமரி என்ற கடலாய்வாளர் 1961இல் எழுதிய அந்த முறையை ஒரு பின்னேரத்தில் பழகிவிடலாம்.

செய்மதிப் படத்தை வைத்து வேலை செய்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1984இலிருந்து கிடைக்கும் லான்ட்சற் படங்களில் ஒரு புள்ளி 30 மீற்றர் அகலம். 2015இல் தொடங்கிய சென்ரினல் 2 படங்களில் 10 மீற்றர். இவற்றின் ஓரத்தைக் கண்ணால் பிடித்து "வருடத்துக்கு மூன்று மீற்றர் அரிப்பு" என்று சொல்வதானால், பல வருடப் படங்கள் வேண்டும், ஒவ்வொன்றின் வற்று நிலையும் தெரிந்திருக்க வேண்டும். பழைய நில அளவைப் படத்தின் மேல் கைப்பேசியில் எடுத்த புள்ளிகளைப் போடும்போதும் கவனம். பழைய படங்கள் கண்டவளை என்ற இலங்கை ஆதாரத்தில், அதாவது இடங்களைக் குறிக்கும் அடிப்படை அளவையில், வரையப்பட்டவை, கைப்பேசி உலகப் பொது ஆதாரத்தைப் பயன்படுத்துகிறது. மாற்றாமல் போட்டால் நூறு மீற்றருக்கும் மேல் விலகும். அந்த விலகலை அரிப்பென்று எழுதினால் ஒரு ஊரே கடலுக்குள் போனதாகிவிடும்.

எல்லா அரிப்புக்கும் ஒரே காரணம் சொல்வது

கடல் மட்டம் உயர்கிறது என்பதில் ஐயமில்லை. 1901க்கும் 2018க்கும் இடையில் உலக சராசரி ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர், 2006க்குப் பிறகு வருடத்துக்கு 3.7 மில்லிமீற்றர் வேகத்தில். ஆனால் ஒரு கரை ஒரே வருடத்தில் ஐந்து மீற்றர் பின்வாங்கினால் அதை இந்த 3.7 மில்லிமீற்றரின் தலையில் மட்டும் கட்ட முடியாது. சரிவு ஐம்பதுக்கு ஒன்று என்று வைத்தாலும் அது கிடையாக 20 சென்ரிமீற்றர்கூட வராது. மிச்சத்துக்கு வேறு காரணம் தேட வேண்டும். கரைக்கு மணல் எங்கிருந்து வந்தது, ஏன் வராமல் போனது?

335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி, திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக்குடாவில் கலக்கிறது. 1976இல் பொல்கொல்ல, 1985இல் விக்டோரியா, அடுத்த வருடம் ரந்தெனிகல என்று அணைகள் எழுந்தபின் மேல்நாட்டு மண்ணின் பெரும்பகுதி நீர்த்தேக்கங்களின் அடியில் படிகிறது. அதற்குக் கீழே ஆற்று மணலை டிப்பரில் அள்ளுகிறோம். அதையும் தாண்டிக் குடாவுக்கு வரும் மணலில் ஒரு பகுதி, கரையோரமாக நகராமல் குடாவின் வாயிலேயே தொடங்கும் கடலடிப் பள்ளத்தாக்கில் இறங்கிவிடுகிறது. இத்தனையையும் பார்க்காமல் காலநிலையை மட்டும் குற்றம் சொன்னால், நம் கையால் நிறுத்தக்கூடிய காரணங்களும் அந்தப் பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். இதில் எனக்குக் கோபம் உண்டு.

மாரிக்குப் பிறகு கரையில் தெரியும் கருங்கோட்டையும் சொல்லிவிடுகிறேன். "எண்ணெய்க் கசிவு" என்று பதறாதீர்கள். அலை இலேசான வெண்மணலை அள்ளிக்கொண்டு, பாரமான கருமணலை விட்டுப்போகிறது. புல்மோட்டையில் இல்மனைற்று, சிர்க்கோன் என்ற கனிமங்களை எடுப்பது இந்தக் கருமணலில் இருந்துதான். கையில் எடுத்துத் தேயுங்கள். எண்ணெய் என்றால் விரல் பிசுபிசுக்கும், கருமணல் உதிர்ந்துவிடும்.

கடல் உள்வாங்கட்டும் என்று காத்திருப்பது

2004 சுனாமிக்குப் பிறகு, நல்ல வற்று வந்தாலே "கடல் உள்வாங்கியது" என்று ஊர் கலங்குகிறது. அந்தப் பயத்தை நான் குறைசொல்ல மாட்டேன், கலங்கியவர்களுக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் இதற்கு நேர்மாறான பிழைதான் உயிருக்கு ஆபத்து. "சுனாமி என்றால் முதலில் கடல் உள்ளே போகும், அதைப் பார்த்துவிட்டு ஓடலாம்" என்ற நம்பிக்கை அது. 2004 டிசெம்பர் 26 அன்று தாய்லாந்துப் பக்கம் கடல் முதலில் வற்றியது. இலங்கையின் கிழக்குப் பக்கம் முதலில் வந்தது ஏற்றம்தான். உடைந்த கடற்தரையின் ஒரு பக்கம் தாழ்ந்தது, மறுபக்கம் உயர்ந்தது, நாம் உயர்ந்த பக்கத்தைப் பார்த்திருந்தோம். சுமத்திரா அருகே நிலம் அதிர்ந்து ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்தில் அலை நம் கரையில். வற்று வரும் என்று பார்த்து நிற்க நேரமே இருக்கவில்லை. எச்சரிக்கை வந்தால் கடலைப் பார்க்கப் போகாமல் மேட்டுக்குப் போங்கள்.

சவர் (உவர்ப்பு) ஏறிய கிணற்றை இறைத்துத் தள்ளுவது

நிலாவெளியிலும் உப்புவெளியிலும் கிணற்று நீர் என்பது மணலுக்குள் தேங்கிய மழை. அதற்குக் கீழே உப்புநீர் இருக்கிறது. நன்னீர் பாரம் குறைந்தது, ஆகவே உப்புநீரின் மேல் மிதக்கிறது. கணக்கு எளிது: கடல் மட்டத்துக்கு மேல் நிலத்தடி நீர் ஒரு மீற்றர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் நன்னீர் தாங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கைபன் என்பவரும், 1901இல் ஹெர்ஸ்பேர்க் என்பவரும் தனித்தனியே கண்ட உறவு இது. மறுபக்கமும் உண்டு. மோட்டர் போட்டு நீர்மட்டத்தைப் பத்து சென்ரிமீற்றர் நிரந்தரமாக இறக்கினால், அடியில் உப்புநீர் நான்கு மீற்றர் மேலே ஏறப் பார்க்கும், அதுவும் கிணற்றுக்கு நேர்கீழே கூம்பாக.

சுனாமிக்குப் பிறகு நல்லெண்ணத்தோடு நடந்த பெரிய தவறு இதுதான். கடல்நீர் நிறைந்த கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். சேறும் குப்பையும் போக ஒருமுறை இறைப்பது சரி. அதற்குமேல் இறைத்தது உப்பை வெளியேற்றவில்லை. சுற்றியிருந்த மணலில் தேங்கிய உப்புநீரையும் அடியிலிருந்ததையும் கிணற்றுக்குள் இழுத்தது. கிணறுகளை மீட்டது அடுத்தடுத்த மாரி மழைதான். "தண்ணி சவராயிட்டுது, இன்னும் ரெண்டு முழம் தோண்டுவம்" என்று இன்றைக்கும் கேட்கிறேன். தோண்டத் தோண்ட உப்பை நெருங்குகிறோம். ஆழத்தைக் கூட்டாமல், அகலமான ஆழங்குறைந்த கிணற்றில் கொஞ்சம் கொஞ்சமாக, நாள் முழுக்க எடுப்பதே இந்த மண்ணுக்குப் பொருந்தும். பெரியகரைச்சிக் களப்புக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற வளவுகளில் உப்பு இரண்டு பக்கத்திலிருந்தும் வரும். அங்கே கடலை மட்டும் பார்த்துக் கிணற்றுக்கு இடம் குறிப்பதும் தவறு.

அளக்கும்போது செய்யும் பிழைகளும் உண்டு. மேல் வாளித் தண்ணீரை மட்டும் சோதிப்பவர்கள் அதிகம். மேலே மழைத்தண்ணீர், கீழே சவர் என்று ஒரே கிணற்றுக்குள் இரண்டு அடுக்கு இருக்கலாம். மோட்டர் நிறுத்திய உடனே எடுத்த அளவும் விடியற்காலையில் எடுத்ததும் ஒன்றல்ல. நீர்மட்டத்தைக் கிணற்றுக்கட்டின் விளிம்பிலிருந்து அளந்துவிட்டு, கட்டின் உயரத்தை எழுதாமல் விட்டால், இரண்டு கிணறுகளை ஒப்பிடவே முடியாது. நாக்கை நம்பலாமா? நூறு வாளியில் இரண்டு வாளி கடல்நீர் கலந்தால் நாக்கு கண்டுபிடிக்கும். ஒரு வாளி கலக்கும்போது மெதுவாக ஏறுவதை அது சொல்லாது. அதற்கு, தண்ணீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்று காட்டும் கடத்துதிறன் மானி வேண்டும்; உப்பு கூடக் கூட அந்த எண்ணும் கூடும். அந்த மானியும் சூட்டைப் பொறுத்து மாறும், ஒரு பாகைக்கு ஏறத்தாழ 2 சதவீதம். எங்கள் மாணவர்கள் கன்னியா வெந்நீரூற்றில் வைத்துப் பார்த்துவிட்டு "இங்கே உப்பு அதிகம்" என்று எழுதிக்கொண்டு வந்தார்கள். 40 பாகைத் தண்ணீரை 25 பாகைக்குத் திருத்தாமல் வாசித்தால் மூன்றில் ஒரு பங்களவு கூடித்தான் காட்டும். கன்னியாவின் சூடு எரிமலைச் சூடும் அல்ல. மழைநீர் பாறைப் பிளவுகள் வழியே ஆழத்துக்குப் போய்ச் சூடாகித் திரும்பி வருகிறது.

கடலடியில் கண்டதெல்லாம் கடல் கொண்டது என்பது

ஆழ அளவுகளில் இரண்டைச் சொல்லி நகர்கிறேன். பழைய கடற்படத்தில் 7 என்றிருந்தால் அது 7 மீற்றராக இராமல் 7 பாகமாக (கடலாழத்தின் பழைய அலகு), அதாவது 12.8 மீற்றராக இருக்கலாம். ஓரத்தில் அலகைப் பாருங்கள். அந்த ஆழத்தின் பூச்சியம் மிகத் தாழ்ந்த வற்று மட்டம். தரைப்படத்தின் பூச்சியம் சராசரிக் கடல் மட்டம். இரண்டையும் திருத்தாமல் ஒட்டாதீர்கள். ஒலிமானி காட்டும் ஆழமும் எப்போதும் படகுக்கு நேர்கீழே இருப்பதல்ல. ஒலிக்கற்றை விரிந்து போகிறது, முதலில் திரும்பும் ஒலியைத்தான் கருவி எடுக்கிறது. 3,000 மீற்றருக்கும் கீழே இறங்கும் நம் பள்ளத்தாக்கின் சுவரில், பக்கத்துச் சரிவு முதலில் எதிரொலித்து ஆழத்தைக் குறைத்துக் காட்டிவிடும்.

கோணேசர் கோயில் நிற்கும் சுவாமிமலையின் அடிவாரத்தில், கடலுக்குள் செதுக்கிய கற்களும் தூண்களும் கிடக்கின்றன. 1956இல் எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் இங்கே சுழியோடிப் பார்த்தார்கள். "கடல் ஏறி மூடிய கோயில், கடல்மட்டம் உயர்ந்ததற்குச் சான்று" என்று அடிக்கடி எழுதப்படுகிறது. கோணேசர் கோயில் கடலால் அழியவில்லை. 1620களில் கொன்ஸ்தாந்தீனு த சா என்ற தளபதியின் காலத்தில் போர்த்துக்கீசர் இடித்தார்கள். கல்லில் ஒரு பகுதி கோட்டைச் சுவருக்குப் போனது, ஒரு பகுதி பாறையிலிருந்து கீழே விழுந்தது. மேலிருந்து விழுந்த கல் கடல் மட்டத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. சொல்ல வேண்டுமானால், அத்திவாரம் கட்டிய இடத்திலேயே நிற்க வேண்டும், கல் மேல் கல் அடுக்குக் குலையாமல் இருக்க வேண்டும். அதோடு, இலங்கையைச் சுற்றிச் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு கடல் இன்றைவிடச் சற்று உயரத்தில் நின்றது என்பதற்குக் கரைக்கு உள்ளே கிடக்கும் சிப்பிப் படுகைகள் சாட்சி. கடல் எப்போதும் ஒரே திசையில் ஏறி வந்ததில்லை.

அந்த வழிபாட்டிடத்தின் மேல் எங்கள் எல்லோருக்கும் பற்று இருக்கிறது. அதனால்தான் சுழியோடுகிற தம்பிகளிடம் கேட்டுக்கொள்கிறேன்: கற்களைப் புரட்டாதீர்கள், மேலே கொண்டுவராதீர்கள். எந்த ஆழத்தில், பாறையிலிருந்து எவ்வளவு தூரத்தில், எந்தப் பக்கம் மேலாகக் கிடந்தது என்று பலகையில் எழுதி, ஓர் அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். தூணில் செதுக்கிய முகம் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதையும் சேர்த்து.