புதுச் செடி என்று கூவுவதற்கு முன்

ஆரோவில் பக்கம் செம்மண் ஓடையோரம் முழங்கால் உயரத்தில் ஒரு செடி. கீழே வேல இலை மாதிரி பொடிப்பொடியாய்ப் பிரிந்த இலை, மேலே அரிவாள் போல வளைந்த முழு இலை. இப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை என்று பிடுங்கி, தாளில் அழுத்தி, மனசுக்குள் பெயரே வைத்துவிட்டேன். மூத்தவர் ஒருவர் பார்த்துவிட்டு, "அக்கேசியா கன்னுப்பா இது" என்று திருப்பிக் கொடுத்தார். அங்கே காடு வளர்க்க நட்ட ஆஸ்திரேலிய மரம்தான். கன்றில் சிறகிலை வரும். பிறகு இலைக்காம்பே தட்டையாகி இலையின் வேலையைப் பார்க்கும்.

கன்று, நிழலில் வளர்ந்த கிளை, வெட்டிய அடிமரத்துத் துளிர் எல்லாமே ஆளை ஏமாற்றும். பூவும் காயும் கிடைக்கும்வரை அதே இடத்துக்கு அலையத்தான் வேண்டும்.

கலப்பினம் இன்னும் பெரிய பொறி. பிச்சாவரத்து அலையாத்திக் காட்டுச் சுரபுன்னைகளில் ஒன்றுக்கு 1995இல் ரைசோஃபோரா அண்ணாமலையானா என்று புது இனமாகப் பெயர் வந்தது. அபிகுலேட்டா, முக்ரோனேட்டா என்ற இரண்டு சுரபுன்னைகளின் கலப்பு அது என்று மரபணு ஆய்வு பிறகு காட்டியது. பெயர் போகவில்லை, கலப்பினம் என்று காட்ட நடுவே ஒரு பெருக்கல் குறி சேர்ந்துகொண்டது. வல்லுநர்களுக்கே இந்தக் கதி. இரண்டு இனத்துக்கும் நடுவாந்திரமாக ஒரு செடி அவற்றின் பக்கத்திலேயே நின்றால், ஒழுங்காகக் காய்க்கிறதா, மகரந்தம் முழுசாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

நான் அதிகம் பார்க்கும் தவறு, செடிகளை அழுத்தி ஒட்டிய பழைய தாள்களைப் புரட்டாமல் புது இன விளக்கம் எழுத உட்காருவது. தரங்கம்பாடியில் கோனிக் என்ற தாவரவியலாளர் 18ஆம் நூற்றாண்டில் சேர்த்தவை கோபன்ஹேகனில் இருக்கின்றன. புதுச்சேரியில் லெஷெனோ என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் 19ஆம் நூற்றாண்டில் சேர்த்தவை பாரீஸில். நம் கடற்கரைச் செடிக்கு அங்கே 200 வருஷத்துக்கு முந்திய பெயர் காத்திருக்கலாம். பாரீஸ் தாள்களை இணையத்திலேயே பார்க்கலாம். உள்ளூரில், புதுச்சேரியில் 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் ஹெர்பேரியம், அதாவது உலர்ந்த செடி மாதிரிகளின் சேகரிப்பு, இருக்கிறது. புது இனம் பாதி அந்த அலமாரிகளுக்கு முன்னால்தான் பிடிபடும்.

செல்போன் படம் மட்டும் எடுத்து வருகிறவர்களை என்ன சொல்ல! 1958 முதல், டைப் மாதிரியை, அதாவது ஒரு பெயருக்கு நிரந்தர அடையாளமாக வைக்கும் செடி மாதிரியைக் குறிப்பிடாத புதுப் பெயர் செல்லாது. அது எந்த ஹெர்பேரியத்தில் இருக்கிறது என்பதையும் எழுத வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் செய்தித்தாளைத் தினமும் மாற்றாவிட்டால் மாதிரி பூசணம் பிடித்துவிடும். பூவின் நிறம், வாசனை, பால் வடிகிறதா என்பதெல்லாம் காய்ந்தபின் தெரியாது. அங்கேயே நின்று எழுதிவிடுங்கள்.

புது இன விளக்கம் லத்தீனில்தான் வேண்டும் என்ற பயம் இனி வேண்டாம். 2012 முதல் ஆங்கிலமும் போதும். பத்திரிகைச் செய்தியில் வந்தால் பெயர் வந்ததாகாது. வனத்துறை அனுமதி இல்லாமல் காப்புக்காட்டில் கிளை ஒடிக்காதீர்கள். 2002 பல்லுயிர்ச் சட்டப்படி, புது இனத்தை அரசு குறித்த நிறுவனத்துக்குத் தெரிவித்து மாதிரியும் ஒப்படைக்க வேண்டும்.

கடலூர்ப் பக்கத்துக் கோயில் காடுகளில் பூசாரியையும் ஆடு மேய்க்கிறவர்களையும் கேட்காமல் திரும்பாதீர்கள். நாம் புதிது என்கிற செடி எந்த மாசம் பூக்கும், ஆடு தின்னுமா தின்னாதா என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்கள் கூப்பிடும் பெயரையும் லேபிளில் எழுதுங்கள், அவர்கள் சொல்கிறபடியே.