தொடக்ககால லைவ் கவர்: ஒரு ராக் பேண்ட் பாட்டை யாரிடமிருந்து எடுத்தது என்று கண்டறியும் முறை

ஒரு பேண்ட் ஆல்பம் போடுவதற்கு முன்னால் மேடையில் வாசித்த கவர் பாட்டின் (வேறொருவர் பாட்டைத் தாங்கள் வாசிப்பது) பதிவு வெளியே வந்தால் ரசிகர்களிடையே வாக்குவாதம் நிச்சயம். ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு) யாருடையது, வேகம் எங்கிருந்து வந்தது, எந்த ஒரிஜினலைக் கேட்டுக் கற்றார்கள் என்று கிளம்புவார்கள். "காதுக்கு ஒரே மாதிரி இருக்கு" என்ற இடத்தில் ஆரம்பித்தால் அது முடியவே முடியாது. பதிவின் அடையாளம், டேப்பின் வேகம், வெளியான தேதிகள், பாடபேதம் (ஒரு பதிவுக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வேறுபாடுகள்) என்ற வரிசையில் போனால் பாதி வாதங்கள் காதுக்கு வேலை வருவதற்கு முன்பே அடிபட்டுவிடும்.

எடுத்துக்காட்டாக அமெரிக்க பேண்டான மெட்டாலிகா 1982இல் வாசித்த 'ஆம் ஐ ஈவில்?' பாட்டை வைத்துக்கொள்வோம். அது டயமண்ட் ஹெட் என்ற இங்கிலாந்து பேண்டின் பாட்டு. மெட்டாலிகாவின் முதல் கச்சேரி 1982 மார்ச் 14 அன்று கலிபோர்னியாவின் அனஹைம் நகரில் நடந்தது. அன்றைய செட்லிஸ்ட்டில் (மேடையில் வாசித்த பாட்டுகளின் பட்டியல்) பெரும்பாலானவை கவர்கள். அதில் டயமண்ட் ஹெட் பாட்டுகள் மட்டும் நான்கு. இவை வேறொருவர் பாட்டுகள் என்று அவர்கள் மேடையில் சொல்வதில்லை. அதனால் கேட்டவர்களில் பலர் அவர்களே எழுதியது என்று நினைத்துக்கொண்டார்கள். மேடையில் அறிவிப்பு இல்லை என்பதை எந்தப் பக்கத்துக்கும் சாட்சியாக எடுக்காதீர்கள்.

முதல் வேலை, கையில் இருப்பது எந்தப் பதிவு என்று உறுதி செய்வது. உறையில் எழுதியிருக்கும் தேதியை நம்ப வேண்டாம். யார் வாசிக்கிறார்கள் என்று பாருங்கள். 1982 நவம்பர் 29 அன்று சான் பிரான்சிஸ்கோவின் ஓல்ட் வால்டார்ஃபில் பதிவான டேப்பில் இந்தப் பாட்டு இருக்கிறது. அதில் பாஸ் கிட்டார் வாசிப்பவர் ரான் மெக்கவ்னி. அவருக்குப் பிறகு பாஸ் வாசிக்க வந்த கிளிஃப் பர்ட்டன் அந்த பேண்டோடு மேடையேறிய முதல் நாள் 1983 மார்ச் 5. ஆகவே "1982 லைவ்" என்று எழுதிய பதிவில் பர்ட்டனின் பாஸ் கேட்டால் தேதி தப்பு. பாடும் குரலையும் இதேபோல் சோதிக்க வேண்டும். 1962 டிசம்பரில் ஹாம்பர்க் ஸ்டார் கிளப்பில் பீட்டில்ஸ் வாசித்த டேப்பில் இரண்டு பாட்டுகளைப் பாடியது பீட்டில்ஸே இல்லை; கிளப்பைச் சேர்ந்த ஃபாஷர் சகோதரர்கள். அந்த இரண்டையும் வைத்து லெனனின் குரலில் யாருடைய சாயல் என்று அலசினால் உழைப்பு முழுக்க வீண்.

அடுத்தது டேப்பின் வேகம். பெரும்பாலானவர்கள் தாண்டிப் போகும் இடம் இதுதான், அதிகச் சண்டைகளும் இங்கேதான் பிறக்கின்றன. கேசட் 3 சதவீதம் வேகமாக ஓடினால் சுருதி சுமார் 51 சென்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்), அதாவது ஏறக்குறைய கால் ஸ்வரம் ஏறும். டெம்போவும் (பாட்டின் தாள வேகம்) அதே 3 சதவீதம் ஏறும். 6 சதவீதம் போனால் முழு அரை ஸ்வரம். "ஒரிஜினலைவிட அரை ஸ்வரம் கூட்டி, வெறித்தனமான வேகத்தில் வாசித்தார்கள்" என்ற முடிவு பல நேரம் டேப் டெக்கின் மோட்டாரைப் பற்றியதுதான்.

சரிபார்க்க மின்சார ஹம், அதாவது மின் இணைப்பிலிருந்து பதிவில் ஏறும் ரீங்காரம், உதவும். அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ், ஐரோப்பாவில் 50. ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் பாட்டுக்கு முன்போ பின்போ கருவிகள் அமைதியாக இருக்கும் பத்துப் பதினைந்து விநாடியைத் தேர்ந்தெடுத்து, ஸ்பெக்ட்ரம் வரைபடத்தை அளவு 65536 என்று வைத்து எடுங்கள். 44,100 ஹெர்ட்ஸ் கோப்பில் இது 0.67 ஹெர்ட்ஸ் வரை பிரித்துக் காட்டும். 60இல் அந்த இடைவெளியே ஒரு சதவீதத்துக்கு மேல், போதாது. அதனால் மூன்றாம் மடங்கான 180, ஐந்தாம் மடங்கான 300 இரண்டையும் பாருங்கள். 180 வர வேண்டிய இடத்தில் 185.4 வந்தால் விகிதம் 1.03, டேப் 3 சதவீதம் வேகம். 0.971ஆல் பெருக்கித் திருத்த வேண்டும். சுருதியும் டெம்போவும் சேர்ந்து மாறும் வேக மாற்றத்தையே பயன்படுத்துங்கள். சுருதியை மட்டும் மாற்றும் எஃபெக்ட்டைப் போட்டால் டெம்போ பழைய தப்பிலேயே நிற்கும்.

இதிலும் ஒரு பள்ளம் உண்டு. டேப் கைமாறிக் கைமாறி நகலானபோது ஒவ்வொரு டெக்கும் தன் ஹம்மைச் சேர்த்திருக்கும். அமெரிக்கக் கச்சேரியின் டேப்பில் 50க்குப் பக்கத்தில் ஒரு கோடும் 60க்குப் பக்கத்தில் ஒரு கோடும் தெரிந்தால், முதலாவது ஐரோப்பாவில் எடுத்த நகலின் தடம். கணக்குக்கு 60ஐ எடுங்கள். 60க்குப் பக்கத்திலேயே இரண்டு கோடுகள் தெரிந்தால் ஹம்மை விட்டுவிட்டு கிட்டாருக்குப் போங்கள். திறந்த கீழ் ஈ கம்பி 82.41 ஹெர்ட்ஸ், அரை ஸ்வரம் இறக்கிக் கட்டியிருந்தால் 77.78. அந்தக் காலத்தில் பேண்ட் எப்படி சுருதி கட்டியது என்பது வேறு பதிவுகளில் உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே இது செல்லும்.

வேகம் திருத்திய பிறகே டெம்போ எடுக்க வேண்டும். வெர்ஸில் (பாட்டின் சரணம்) எட்டு பார் (நான்கு பீட் கொண்ட தாளச் சுற்று), அதாவது 32 பீட், எத்தனை விநாடி என்று பார்த்து 1920ஐ அதனால் வகுங்கள்; நிமிடத்துக்கு எத்தனை பீட் என்று வரும். ஒரே இடத்தில் எடுத்து நிறுத்திக்கொள்ளாமல் பாட்டின் தொடக்கம், நடு, முடிவு மூன்றிலும் எடுங்கள். இளம் பேண்டுகள் மேடையில் போகப் போக வேகமெடுப்பார்கள். அதை யாருடைய பாதிப்பாகவும் கணக்கில் எழுதக் கூடாது.

இப்போது தேதிகள். கவர் நிகழ்ந்த நாளுக்கு முன்னால் வெளியாகியிருந்த பதிவுகளை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். நம் எடுத்துக்காட்டில் இது ஒன்றே தீர்ப்பு சொல்லிவிடுகிறது. டயமண்ட் ஹெட் இந்தப் பாட்டை இரண்டு முறை ஆல்பத்தில் போட்டது: 1980இல் வெள்ளை உறையில் தாங்களே வெளியிட்ட முதல் ஆல்பத்திலும், 1982 அக்டோபரில் வந்த 'பாரோடு டைம்' ஆல்பத்திலும். நவம்பர் டேப்பை மட்டும் வைத்துப் பேசுபவர் அக்டோபர் பதிவைக் கேட்டுக் கற்றார்கள் என்று வாதாடலாம். ஆனால் மார்ச் செட்லிஸ்ட்டிலேயே பாட்டு இருக்கிறதே! ஆக, மூலம் 1980 பதிவுதான். இல்லையென்றால் நேரில் கேட்டது. நேரில் கேட்க வாய்ப்பு இருந்ததா என்றால், இருந்தது. மெட்டாலிகாவின் டிரம்மர் லார்ஸ் உல்ரிச் 1981இல் இங்கிலாந்து போய் அந்த பேண்டின் கச்சேரியைப் பார்த்து, அவர்களோடு தங்கியும் இருந்தார். ஒத்த தேதியோடு இப்படி வழியும் கிடைத்தால்தான் சங்கிலி முழுமை.

தேதி மட்டும் போதாதபோது பாடபேதம் கைகொடுக்கும். ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு பத்தி ஒதுக்கி இன்ட்ரோ (தொடக்க இசை) எத்தனை பார், எந்த வெர்ஸ் விட்டுப்போனது, எந்த வார்த்தை மாறியது, எங்கே கூடுதலாக ஒரு பார் நிற்கிறது என்று குறியுங்கள். சரியாக இருப்பவை ஒத்துப்போவதில் பெரிய அர்த்தம் இல்லை. எல்லோரும் ஒரே பாட்டைத்தானே வாசிக்கிறார்கள். தவறுகளும் விலகல்களும் ஒத்துப்போனால்தான் சாட்சி. டச்சு பேண்டான ஷாக்கிங் புளூ 1969இல் வெளியிட்ட 'லவ் பஸ்' பாட்டை நிர்வானா 1988இல் தன் முதல் சிங்கிளாகப் போட்டபோது முதல் வெர்ஸையே திரும்பவும் பாடியது. பிறகு வரும் ஒரு பேண்டும் அதே வெர்ஸை இரண்டு முறை பாடினால் அது நிர்வானா வழி வந்தது, டச்சு ஒரிஜினல் வழி அல்ல. 'ஹே ஜோ' பாட்டுக்கு வேகமே இப்படிப்பட்ட அடையாளம். தி லீவ்ஸ் அதை விரட்டி வாசித்தது. டிம் ரோஸ் 1966இல் நிதானமாக்கினார். ஜிமி ஹென்ட்ரிக்ஸ் பின்பற்றியது அந்த நிதான வடிவத்தை.

வரிகளைப் பிரித்தெடுக்கும்போது ஒரு கட்டுப்பாடு வேண்டும்: அச்சான வரிகளைப் பார்ப்பதற்கு முன் காதில் விழுவதை எழுதி முடித்துவிடுங்கள். படித்த பிறகு கேட்டால் படித்ததுதான் கேட்கும். ஒரே மைக்கில் பதிவான டேப்பில் குரல் டிரம்ஸுக்கு அடியில் புதைந்திருக்கும். சுருதி மாறாமல் பாதி வேகத்தில் ஓட்டினால் மெய்யெழுத்துகள் பிடிபடும்.

பொதுச் சொத்தான விஷயங்களை ஒதுக்கிவிடுங்கள். பன்னிரண்டு பார் புளூஸ் வடிவம் எல்லோருடையதும். ஈ, ஏ ஸ்கேல்கள் கிட்டாரில் இயல்பாக வருபவை, அவை ஒத்துப்போவது பலவீனமான சாட்சி. மேடை சோலோ பெரும்பாலும் அந்த நேரத்து மனோதர்மம். ஸ்டுடியோ சோலோவை ஸ்வரம் பிசகாமல் வாசித்திருந்தால் மட்டும் அதற்கு எடை உண்டு.

பாதிப்பு பல படிகளில் இறங்கிவரும் என்பதையும் கணக்கில் வையுங்கள். 'ஆம் ஐ ஈவில்?' இன்ட்ரோவுக்குத் தூண்டுதல் ஆங்கில இசையமைப்பாளர் ஹோல்ஸ்ட்டின் 'பிளானட்ஸ்' தொகுப்பில் உள்ள 'மார்ஸ்'. அது ஐந்து பீட் தாளம்: ஒரு பீட்டில் மூன்று அடி, பிறகு இரண்டு முழு பீட், ஒரு பீட்டில் இரண்டு அடி, கடைசியில் ஒரு பீட். ஆனால் அதற்காக மெட்டாலிகா ஹோல்ஸ்ட்டிடமிருந்து எடுத்தது என்று எழுதக் கூடாது. எடுத்தது டயமண்ட் ஹெட். 'டேஸ்டு அண்ட் கன்ஃபியூஸ்டு' வந்த பாதையும் இதுபோலத்தான். ஜேக் ஹோம்ஸ் 1967இல் வெளியிட்டார், யார்ட்பேர்ட்ஸ் 1968இல் மேடையில் வாசித்தது, 1969இல் லெட் செப்பலின் முதல் ஆல்பத்தில் வந்தது. நடுவில் இருக்கும் யார்ட்பேர்ட்ஸ் மேடைப் பதிவைக் கேட்காமல் முதலையும் கடைசியையும் மட்டும் ஒப்பிட்டால், எந்த மாற்றம் யார் காலத்தில் நுழைந்தது என்று பிரிக்கவே முடியாது.

கடைசியில் முடிவை எழுதும்போது சொல்லை அளந்து போடுங்கள். தேதி, வழி, பாடபேதம் மூன்றும் இருந்தால் "இதிலிருந்து எடுத்தது". தேதியும் வழியும் மட்டும் இருந்தால் "கேட்டிருக்க வாய்ப்பு உண்டு". ஒலி மட்டும் ஒத்திருந்தால் "சாயல் தெரிகிறது", அதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம். கூடவே பதிவின் நாள், எத்தனை சதவீதம் வேகம் திருத்தினீர்கள், எந்த நிமிடத்தில் எந்த விலகல் என்று குறித்துவிட்டால், மறுப்பவரும் அதே இடத்தைத் திறந்து கேட்டுப் பார்க்க முடியும்.