சித்தப்பாவின் கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை, நீங்களோ பக்கத்தில் இல்லை

"கம்ப்யூட்டர் ஆன் ஆகலைப்பா" என்று போன் வந்ததும் வைத்தியம் சொல்ல ஆரம்பித்துவிடாதீர்கள். அந்த மூன்று சொல்லுக்குள் ஐந்தாறு கோளாறு ஒளிந்திருக்கும். மின்சாரமே ஏறவில்லை என்றாலும் ஆன் ஆகலைதான், ஃபேன் சத்தம் வருகிறது ஆனால் திரை கறுப்பு என்றாலும் ஆன் ஆகலைதான், லோகோ வந்து வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தாலும், நீலத் திரை வந்தாலும், ஏன், பாஸ்வேர்டு மறந்துபோனாலும்கூட அவர்கள் வாயில் எல்லாம் ஆன் ஆகலைதான்.

நான் இதைக் கற்றுக்கொண்டது என் சித்தப்பாவிடம்.

"பவர் பட்டனை அமுக்கினீங்களா சித்தப்பா?"

"அமுக்கிட்டுதான் இருக்கேன், நீல லைட் வருது, கொஞ்ச நேரத்துல போயிடுது."

இதை வைத்து பேட்டரி, ரேம், மதர்போர்டு என்று அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் பார்த்தால் அவர் அமுக்கியது மானிட்டரின் பட்டனை. அவரைப் பொறுத்தவரை திரைதான் கம்ப்யூட்டர், மேஜைக்கு அடியில் இருப்பது "அந்தப் பெட்டி". பெட்டிக்குப் பின்னால் இருக்கும் சின்ன சுவிட்ச், தரை துடைத்தபோது அணைந்திருக்கிறது. தப்பு அவர்மேல் இல்லை, "எந்தப் பட்டன், காட்டுங்க" என்று முதலிலேயே கேட்காத என்மேல்தான்.

அதனால் முதல் வேலை வீடியோ கால். பின்பக்க கேமராவுக்கு மாற்றச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பேச்சு முழுக்க அவர் நெற்றியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அவர் போனில் சார்ஜ் இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள், பாதியில் அது அணைந்தால் இரண்டு பேருக்கும் எரிச்சல் வரும். வீட்டில் இன்னொருவர் இருந்தால் போனை அவர் பிடிக்கட்டும். திரையில் எழுத்து வந்தால் வாசிக்கச் சொல்லாதீர்கள், போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். "ஏதோ இங்கிலீஷ்ல எரர்னு போட்டிருக்கு" என்பதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அப்புறம், ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் சொல்ல வேண்டும், அது முடிந்து என்ன தெரிகிறது என்று கேட்ட பிறகுதான் அடுத்தது. மூன்றை அடுக்கிச் சொன்னால் நடுவில் உள்ளது காணாமல் போய்விடும்.

சரி, விளக்கே எரியவில்லை, சத்தமும் இல்லை என்றால் சுவரிலிருந்து ஆரம்பியுங்கள். அதே பிளக்கில் போன் சார்ஜரைச் செருகிப் பார்த்தால் மின்சாரம் வருகிறதா என்று தெரிந்துவிடும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இருந்தால் அதை விட்டுவிட்டு நேராகச் சுவரிலேயே போட்டுப் பாருங்கள். டெஸ்க்டாப் பெட்டியின் பின்னால் கோடும் வட்டமும் போட்ட சுவிட்ச் இருக்கும், கோடு இருக்கும் பக்கம் அழுந்தியிருக்க வேண்டும். பவர் வயரைக் கழற்றித் திரும்ப அழுத்திச் செருகச் சொல்லுங்கள். "நல்லாதான் இருக்கு" என்ற பதிலை ஏற்றுக்கொள்ளவே வேண்டாம். லேப்டாப் என்றால் சார்ஜரைக் கழற்றி, செருகியிருப்பதையெல்லாம் எடுத்துவிட்டு, பவர் பட்டனை 30 நொடி விடாமல் அழுத்திப் பிடித்து, பிறகு சார்ஜரைப் போட்டு ஆன் செய்யச் சொல்லுங்கள். மந்திரம் மாதிரி இருக்கும், ஆனால் உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்து நிறைய லேப்டாப் இதிலேயே எழுந்துவிடும். ஒரு விஷயம் மட்டும், டச்பேட் மேலே துருத்திக்கொண்டிருந்தாலோ அடிப்பாகம் உப்பியிருந்தாலோ பேட்டரி வீங்கியிருக்க வாய்ப்பு அதிகம். சார்ஜ் போடுவதை நிறுத்தச் சொல்லுங்கள், அதற்கு மேல் போனில் செய்ய ஒன்றுமில்லை.

ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு என்றால் கேப்ஸ் லாக்கை அமுக்கச் சொல்லுங்கள். அதற்கான விளக்கு எரிந்து அணைந்தால் கம்ப்யூட்டருக்கு உயிர் இருக்கிறது, பிரச்சினை பெரும்பாலும் திரைப் பக்கம்தான். விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அமுக்கினால் டிஸ்ப்ளே டிரைவர், அதாவது திரையை இயக்கும் மென்பொருள், புதிதாகத் தொடங்கும், சில நேரம் அதுவே போதும். மானிட்டரில் "நோ சிக்னல்" என்று வந்தால் கேபிளைப் பாருங்கள். பெட்டியின் பின்னால் இரண்டு இடத்தில் மானிட்டர் துளை இருந்தால், மேலே யூஎஸ்பி துளைகளோடு இருப்பது மதர்போர்டுடையது (உள்ளே இருக்கும் முக்கியப் பலகை), கீழே தனியாகப் படுக்கைவாட்டில் இருப்பது கிராபிக்ஸ் கார்டுடையது (படம் காட்டுவதற்கென்றே உள்ள பலகை). கேபிள் கிராபிக்ஸ் கார்டில்தான் இருக்க வேண்டும். இடம் மாற்றி வைத்துவிட்டுத் திரும்ப மாட்டும்போது இதில் தப்பு வருவது சகஜம். பீப் பீப் என்று சத்தம் வந்தால் எத்தனை முறை, நீளமா குட்டையா என்று எண்ணி, மதர்போர்டின் மாடலோடு சேர்த்துத் தேடுங்கள், பல நேரம் ரேமில், அதாவது உள்ளே செருகியிருக்கும் நினைவகப் பட்டையில்தான் போய் நிற்கும். பெட்டியைத் திறந்து ரேமை எடுத்து மாட்டச் சொல்வதா என்பது ஆளைப் பொறுத்தது. கை நடுங்கும் பெரியவரிடம் நான் சொல்ல மாட்டேன்.

லோகோ வந்து அதோடு நின்றால், அல்லது பூட் டிவைஸ் (விண்டோஸ் இருக்கும் டிஸ்க்) இல்லை என்று திரை சொன்னால், முதலில் பென்டிரைவ், பிரிண்டர், வெளி ஹார்டு டிஸ்க் எல்லாவற்றையும் பிடுங்கச் சொல்லுங்கள். மறந்துபோன ஒரு பென்டிரைவில் இருந்து கம்ப்யூட்டர் எழுந்திருக்கப் பார்த்துத் திணறுவது சாதாரணம். ஒவ்வொரு முறையும் தேதி தப்பாக வந்தால் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 என்ற காசு வடிவ பேட்டரி தீர்ந்திருக்கும். ஆனால் உள்ளே டக் டக் என்று ஹார்டு டிஸ்க் தட்டுகிற சத்தம் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். "இன்னொரு தடவை போட்டுப் பாக்கலாம்" என்று ஒவ்வொரு தடவை போடும்போதும் உள்ளே இருக்கும் குடும்பப் படங்களை மீட்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும்.

விண்டோஸ் வட்டம் முடிவில்லாமல் சுற்றினால், வட்டம் வந்தவுடன் பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்தி அணைப்பதை இரண்டு மூன்று முறை செய்தால் தானாகவே பழுது பார்க்கும் திரை வரும். அப்டேட் ஓடுகிறது, அணைக்காதீர்கள் என்று சதவீதத்தோடு காட்டினால் மட்டும் இதைச் செய்யாமல் ஒன்றிரண்டு மணி நேரம் விட்டுப் பாருங்கள். பழுது பார்க்கும் திரையில் ட்ரபிள்ஷூட், பிறகு அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ். அங்கே ஸ்டார்ட்டப் ரிப்பேரை முதலில் ஓட விடுங்கள். நேற்றுதான் அப்டேட் ஆனது என்றால் அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ், அதுவும் சரிவரவில்லை என்றால் பழைய நிலைக்குத் திருப்பும் சிஸ்டம் ரீஸ்டோர். ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ் போய் ரீஸ்டார்ட் செய்து, 4 அமுக்கினால் அவசியமானதை மட்டும் வைத்து எழும் சேஃப் மோடு, 5 அமுக்கினால் இன்டர்நெட்டோடு சேஃப் மோடு. பக்கத்திலேயே ரீசெட் என்று ஒன்று இருக்கும், அதற்குள் எல்லாவற்றையும் அழித்துவிடும் "ரிமூவ் எவ்ரிதிங்" காத்திருக்கும். விரல் அங்கே போகாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

நடுவில் பிட்லாக்கர் கீ கேட்டு நீலத் திரை வந்தால் பயப்பட வேண்டாம், பிட்லாக்கர் என்பது டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி, அந்தப் பூட்டின் சாவியைத்தான் கேட்கிறது. அது 48 இலக்க எண். பெரும்பாலும் அவருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிப்பாகியிருக்கும், போனிலேயே உள்நுழைந்து பார்க்கலாம். ஒன்றுக்கு மேல் இருந்தால் திரையில் காட்டும் கீ ஐடியோடு பொருந்துவதை எடுங்கள். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்தின் அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் படுத்தபோது, பெரிய பெரிய நிறுவனங்களின் ஐடி ஆட்களும் இந்த 48 இலக்கத்தைப் போனில் வாசித்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆறு ஆறாகப் பிரித்து வாசியுங்கள். பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்பு) எதையாவது மாற்றச் சொல்வதற்கு முன்பும் இந்தச் சாவி கையில் இருக்கட்டும், அந்த மாற்றமே இதைக் கேட்க வைத்துவிடும்.

திரையில் ஒரு போன் நம்பர் தெரிந்து, உடனே அழையுங்கள் என்று சத்தம் போட்டால், அது கோளாறே இல்லை, மோசடி. மைக்ரோசாஃப்டின் எரர் செய்தியில் போன் நம்பர் வராது. "நீங்க ஏற்கெனவே கால் பண்ணீங்களா?" என்று கோபப்படாமல் கேளுங்கள், கோபப்பட்டால் மறைத்துவிடுவார்கள்.

எழுந்துவிட்டதா? போனை வைத்துவிடாதீர்கள். உங்களிடமும் விண்டோஸ் இருந்தால், கன்ட்ரோல், விண்டோஸ், க்யூ மூன்றையும் சேர்த்து அமுக்கினால் க்விக் அசிஸ்ட் திறக்கும். உங்கள் பக்கம் வரும் குறியீட்டை (code) அவர் தன் க்விக் அசிஸ்ட்டில் அடித்து அனுமதி கொடுத்தால் அவர் திரை உங்களுக்குத் தெரியும். பிறகு விண்டோஸ் எதற்காவது அனுமதி கேட்கும் பெட்டி வரும்போது மட்டும் உங்கள் பக்கம் ஒன்றும் தெரியாது, யெஸ் என்பதை அவர்தான் அமுக்க வேண்டும். முக்கியமான படங்களையும் கோப்புகளையும் அப்போதே வேறு இடத்தில் பிரதி எடுத்து, பிட்லாக்கர் சாவியைத் தாளில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். நான் கூடவே சித்தப்பாவிடம் அந்தப் பெட்டியின் பவர் பட்டன்மேல் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னேன். ஒட்டிவிட்டு போட்டோ அனுப்பினார், மானிட்டர் பட்டனிலும் ஒன்று ஒட்டியிருந்தார்.